1859: சூரியப் புயலா, டார்வினா, வேறு ஏதாவதா?

கேள்வி, 13 மே 2024, இரவு 9.40

சூரியப் புயலால் லடாக்கில் ஹன்லே பக்கம் வானம் சிவந்து கிடந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். எந்தச் செய்தியை எடுத்தாலும் கடைசியில் "1859-ல் வந்தது இதைவிடப் பெரிது" என்று ஒரு வரி இருக்கிறது. எனக்கு 1859 என்றால் டார்வின் புத்தகம் மட்டும்தான் தெரியும். அந்த வருடத்தின் பெரிய நிகழ்ச்சி எது? புத்தகமா, புயலா?

13 மே 2024, இரவு 11.15

புயல்தான். நான் தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எனக்கு வேறு பதில் வராது.

1859 செப்டம்பர் 1, வியாழக்கிழமை, காலை 11.18. லண்டனுக்குத் தெற்கே ரெட்ஹில்லில் ரிச்சர்ட் காரிங்டன் தன் வீட்டு ஆய்வுக்கூடத்தில் சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருக்கிறார். தொலைநோக்கி வழியாகச் சூரியனின் பிம்பத்தை ஒரு பலகையில் விழவைத்து, புள்ளிகளைக் குறிப்பது அவர் வழக்கம். அன்று ஒரு பெரிய புள்ளிக் கூட்டத்தின் நடுவில் இரண்டு இடத்தில் வெள்ளை ஒளி பீறிட்டது. சாட்சிக்கு யாரையாவது கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்தபோது அது வெகுவாக மங்கிப்போயிருந்தது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. நல்லவேளை, லண்டனில் ஹாட்ஜ்சன் என்பவரும் அதே நேரத்தில் அதையே பார்த்திருந்தார்.

அப்போது சூரியன் வீசிய மின்துகள் மேகம் பதினேழரை மணி நேரம் கழித்துப் பூமிக்கு வந்து சேர்ந்தது. வழக்கமாகத் துருவப் பக்கம் மட்டும் வானத்தில் தெரியும் துருவ ஒளி கியூபா, ஹவாய் வரைக்கும் தெரிந்தது. ராக்கி மலையில் தங்கம் தோண்டப் போனவர்கள் விடிந்துவிட்டது என்று எழுந்து சமைக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்கத் தந்திக் கம்பிகளில் பேட்டரியே இல்லாமல் இரவு முழுக்கச் செய்தி போனது. வாஷிங்டனில் ஃப்ரெடரிக் ராய்ஸ் என்ற தந்தி ஊழியர் ஒரு கையை இரும்புத் தகட்டில் வைத்திருந்தபோது நெற்றி எர்த் கம்பியில் உரசி, நெற்றியிலிருந்து தீப்பொறி பறந்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

14 மே, காலை 6.30

நேற்று இரவு அவசரத்தில் இரண்டு தப்பு எழுதிவிட்டேன், தூக்கமே வரவில்லை.

பேட்டரி இல்லாமல் வேலை நடந்தது இரவு முழுக்க அல்ல. பாஸ்டனுக்கும் போர்ட்லாந்துக்கும் இடையே, செப்டம்பர் 2 காலையில், சுமார் இரண்டு மணி நேரம். ராய்ஸ் அடி வாங்கியதும் அன்று இல்லை, ஆகஸ்ட் 28 இரவு. அதாவது புயல் ஒன்றல்ல, இரண்டு. முதலில் ஒரு அலை, நான்கு நாள் இடைவெளி, அப்புறம் பெரியது.

பாஸ்டன் ஆள் "உன் பேட்டரியைக் கழற்று" என்கிறார். போர்ட்லாந்து ஆள் கழற்றிவிட்டேன் என்கிறார். நானும் கழற்றிவிட்டேன், இப்போது வானத்து மின்சாரத்தில்தான் பேசுகிறோம், என் எழுத்து எப்படி வருகிறது என்று பாஸ்டன் கேட்கிறது. பேட்டரி இருந்ததைவிட நன்றாக வருகிறது என்று பதில். வார்த்தைக்கு வார்த்தை இல்லை, சாரம் இதுதான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். காரணம் சொல்கிறேன். தந்திக்கு இரண்டு கம்பி கிடையாது. ஒரே கம்பி, திரும்பி வரும் வழி பூமி. இரண்டு முனையிலும் தகட்டை மண்ணில் புதைத்து எர்த் எடுத்திருப்பார்கள். பூமியின் காந்தம் வேகமாக ஆடினால் அந்த இரண்டு எர்த்துக்கும் நடுவே மின்னழுத்தம் வந்துவிடும். கம்பி நீளமாக ஆக ஆக அதிகம் வரும். மழைக்காலத்தில் கம்பி மரக்கிளையில் உரசி, நம் பேட்டரிக்குச் சம்பந்தமே இல்லாமல் செய்தியைத் தட்டும் சத்தமாகத் தரும் சவுண்டர் தானாகத் தட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். ராத்திரி ட்யூட்டியில் தனியாக இருக்கும்போது அந்தச் சத்தம் யாரோ கூப்பிடுவது போலவே இருக்கும். செய்தி தட்டி அனுப்பும் சாவியில் கை வைக்கவே மனம் வராது. அந்த இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை, பேசினார்கள்.

14 மே, மாலை 5.10

"இந்தியாவில் யாராவது பார்த்தார்களா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

அந்த உச்சத்தைப் பார்த்திருக்க முடியாது. புயல் அடித்தபோது இங்கே பகல். பம்பாய்க் கணக்கில் காலை பத்து மணிக்கு மேல். ஆனால் பம்பாய் கொலாபாவில் ஒரு காந்த ஆய்வகம் இருந்தது. காந்த ஊசியின் அளவைக் கையால் குறித்து வைப்பார்கள். அமைதியான நாளில் ஒரு மணிக்கு ஒருமுறை, ஊசி ஆட ஆரம்பித்தால் சில நிமிடத்துக்கு ஒருமுறை. அன்று அந்த ஏட்டில் காந்தப் புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) சரிந்தது பதிவாகியிருக்கிறது. கடந்த வாரம் வந்தது 400-ஐ ஒட்டி. அப்படியானால் நான்கு மடங்கு.

வெளியே வெயில், சூரியன் எப்போதும் போலத்தான் இருக்கிறது, தெருவில் யாருக்கும் எதுவும் தெரியாது. உள்ளே ஒருவர் உட்கார்ந்து எண்ணுக்குப் பின் எண்ணாக எழுதிக்கொண்டிருக்கிறார். நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து அந்த எண்களை எடுத்துத்தான் இந்தப் புயல் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டார்கள். அந்த ஏட்டை எழுதியவரை வணங்குகிறேன்.

16 மே, இரவு 8.00

டார்வின் பக்கம் யாரும் பேசவில்லை என்று கோபித்துக்கொண்டவருக்கு.

'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது 1859 நவம்பர் 24. முதல் பதிப்பு 1,250 பிரதி, விலை 15 ஷில்லிங். புத்தகக் கடைக்காரர்கள் விற்பனைக்கு இருந்ததை எல்லாம் உடனே எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியர் அப்போது லண்டனில் இல்லை, யார்க்‌ஷயரில் இல்க்லி என்ற ஊரில் உடம்பு சரியில்லாமல் நீர்ச்சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பிடித்தது இதற்கு முந்தைய கதை. இயற்கைத் தேர்வு பற்றிய டார்வினின் குறிப்பையும், தனியாக அதே முடிவுக்கு வந்த வாலஸின் கட்டுரையையும் சேர்த்து லண்டனில் இயற்கை ஆய்வாளர்களின் லின்னேயன் சங்கத்தில் வாசித்தது 1858 ஜூலை 1. அடுத்த மே மாதம், 1859-ல், சங்கத்தின் தலைவர் தாமஸ் பெல் ஆண்டு உரை ஆற்றுகிறார். அந்தத் துறையையே புரட்டிப்போடும்படியான கண்டுபிடிப்பு எதுவும் கடந்த ஆண்டில் வரவில்லை என்ற பொருள்படப் பேசினார். அவர் முட்டாள் அல்ல, நல்ல விலங்கியல் அறிஞர். டார்வின் கப்பல் பயணத்தில் கொண்டுவந்த ஊர்வன பற்றி எழுதிக்கொடுத்ததே அவர்தான். அந்தக் கட்டுரைகள் வாசிக்கப்பட்ட அறையில் இருந்த மனிதருக்கே தெரியவில்லை.

16 மே, இரவு 8.20

வாலஸ் அந்த அறையில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுரையை அவர் கடிதத்தோடு அனுப்பியது இன்றைய இந்தோனேசியாவின் தெர்னாதே தீவிலிருந்து. 1859 முழுக்கவும் அந்தத் தீவுகளில்தான் பூச்சியும் பறவையும் சேகரித்துக்கொண்டிருந்தார்.

19 மே, காலை 7.00

மூன்று நாளாக யோசிக்கிறேன். முதல் நாள் "புயல்தான்" என்று அடித்துச் சொன்னேன். ஆனால் அந்தப் புயல் 1859-ல் என்ன செய்தது? சில தந்தி ஆபீஸில் காகிதம் கருகியது, சில பேருக்கு ஷாக், கொஞ்ச நேரம் வேலை நின்றது. அவ்வளவுதான். உலகத்தில் நெடுந்தூரம் மின்சாரம் ஓடிய இடமே அப்போது அந்தக் கம்பிகள்தான். அட்லாண்டிக் கடலடிக் கேபிள்கூட 1858-ல் போட்டு மூன்றே வாரத்தில் செத்துப்போயிருந்தது. அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரே இரவில் வானம் எரிந்தது என்பதே கப்பலில் கடிதம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. 1989 மார்ச்சில் இதைவிடச் சின்னப் புயல் கனடாவின் கியூபெக்கில் 60 லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருட்டில் வைத்தது. 1859-ன் புயலுக்குப் பயப்பட வேண்டியவர்கள் நாம், அவர்கள் அல்ல.

நம்மைப் பயப்படவைக்கும் இன்னொன்று அதே வாரத்தில் நடந்தது. பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊர். எட்வின் டிரேக் என்பவர் கச்சா எண்ணெய் எடுக்கக் கிணறு தோண்டுகிறார். ஊரே பைத்தியம் என்கிறது. மண் சரிந்து சரிந்து குழியை மூடுகிறது. அவர் ஒரு இரும்புக் குழாயை முதலில் பாறை வரை அடித்து இறக்கி, அதற்குள் துளை போடச் சொன்னார். இன்று வரைக்கும் எண்ணெய்க் கிணறுக்கு அடிப்படை அந்த யோசனைதான், அதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை. பணம் போட்டவர்கள் போதும், கணக்கை முடித்துவிடு என்று கடிதம் அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்ட் 27 சனிக்கிழமை, 69 அடி ஆழத்தில் துளைக் கருவி ஒரு இடுக்கில் நழுவியது. அன்றைக்கு வேலையை நிறுத்தினார்கள். மறுநாள் ஞாயிறு, கிணறு தோண்டிய பில்லி ஸ்மித் எட்டிப் பார்த்தார், உப்புக் கிணறு தோண்டிப் பழக்கப்பட்டவர் அவர். குழாய்க்குள் எண்ணெய் ஏறி நின்றது.

ஞாயிறு என்றால் தேதி என்ன? ஆகஸ்ட் 28. ராய்ஸின் நெற்றியில் பொறி பறந்த அதே நாள். இதை நேற்றுத்தான் நாட்காட்டியைப் பார்த்துக் கவனித்தேன். பகலில் எண்ணெயைப் பார்த்தார்கள், இரவில் தலைக்கு மேல் வானம் சிவந்தது.

டிரேக் பணக்காரர் ஆகவில்லை. வறுமையில் கிடந்தபோது பென்சில்வேனியா அரசு 1873-ல் வருடத்துக்கு 1,500 டாலர் உதவித்தொகை கொடுத்தது.

20 மே, காலை 9.15

"நான்கு மடங்கு" என்று நான் எழுதியதைத் திருத்தியவருக்கு நன்றி, அவர் சொல்வதுதான் சரி. 1,600 என்பது கொலாபா என்ற ஒரே இடத்தில், ஒரு கணத்தில் எடுத்த அளவு. இந்த மாதத்து 400 என்பது பல நிலையங்களின் மணிச் சராசரி. இரண்டையும் நேராகப் பக்கத்தில் வைத்து வகுக்கக் கூடாது. பெரிது என்பது உறுதி, மடங்கை விட்டுவிடுங்கள்.

24 மே, இரவு 10.30

இதுவரை யாரும் போரைப் பற்றிக் கேட்கவில்லை. வருடத்தைப் பற்றிப் பேசிவிட்டு சோல்ஃபெரினோ போரை விட்டால் மனசு ஒப்பாது.

ஜூன் 24. வட இத்தாலி. ஒரு பக்கம் மூன்றாம் நெப்போலியனும் சார்டீனியா அரசர் விக்டர் இம்மானுவேலும், எதிர்ப் பக்கம் ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் ஜோசஃப். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் மோதினார்கள். செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்து 40,000 பேருக்குப் பக்கம். காயம்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் பக்கத்து ஊரான காஸ்திலியோனேக்குக் கொண்டுவந்து கோயிலிலும் தெருவிலும் வைக்கோல் மேல் போட்டார்கள். தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

அங்கே வந்து சேர்ந்தவர் ஆன்ரி துனாந்த். ஜெனீவாக்காரர், 31 வயது, வியாபாரி. அல்ஜீரியாவில் தன் நில விவகாரத்தை நெப்போலியனிடம் நேரில் சொல்லி உத்தரவு வாங்க வந்தவர். வந்த வேலையை மறந்துவிட்டார். ஊர்ப் பெண்களைக் கூட்டி, எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்காமல் கட்டுப் போட வைத்தார். "துத்தி ஃபிராத்தெல்லி", எல்லோரும் சகோதரர்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னதாக அவரே எழுதினார். சாகப்போகிறவர்கள் சொல்லச் சொல்ல வீட்டுக்குச் செய்தி எழுதிக்கொண்டார். அவர் புத்தகம் 1862-ல் வந்தது, அடுத்த வருடம் ஐந்து பேர் குழு கூடியது, 1864-ல் ஜெனீவா ஒப்பந்தம். செஞ்சிலுவைச் சங்கம் அங்கிருந்துதான். துனாந்த் பின்னால் தொழிலில் திவாலாகி ஊரை விட்டே போய், பல வருடம் யாருக்கும் தெரியாமல் இருந்தார். 1901-ல் முதல் அமைதி நோபல் பரிசில் பாதி அவருக்கு வந்தது.

வீட்டுக்குச் செய்தி எழுதிக்கொண்டார் என்ற இடத்தில் நான் நின்றுவிடுவேன். 1987-ல் இலங்கைக்கு அமைதிப்படை போயிருந்த சமயம், எங்கள் ஆபீஸுக்கு ராணுவத்திலிருந்து ஒரு தந்தி வந்தது. எடுத்து எழுதியது நான். மோர்ஸில் எடுக்கும்போது அர்த்தம் மனதில் ஏறாது, எழுத்து எழுத்தாகக் கை எழுதிக்கொண்டே போகும். முடித்துத் திரும்பப் படிக்கும்போதுதான் ஏறும். எனக்குத் தெரிந்த குடும்பம். மெசஞ்சர் பையன் சைக்கிளை எடுத்தான், நான் அவனை நிறுத்திவிட்டு நானே போனேன். கதவைத் தட்டுவதற்குள் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார். 2013 ஜூலையில் தந்தி சேவையையே மூடியபோது எல்லோரும் அது பழைய காலத்தின் இனிமை என்று எழுதினார்கள். எனக்கு அந்த வாசல்தான் நினைவுக்கு வந்தது.

வருடத்தின் பெரிய நிகழ்ச்சி எது என்று இன்று கேட்டால் காஸ்திலியோனே பெண்கள் என்பேன். முதல் நாள் பதிலை மாற்றிக்கொள்கிறேன்.

25 மே, காலை 8.00

"இன்னும் என்னென்ன?" என்றால் நிறைய. ஏப்ரல் 25-ல் இப்போதைய போர்ட் சயீது இருக்கும் மணல் கரையில் பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸ் சூயஸ் கால்வாய்க்கு முதல் மண்வெட்டி போட்டார், பத்து வருடம் ஆனது, ஆரம்ப வருடங்களில் எகிப்து விவசாயிகளைக் கட்டாயமாகப் பிடித்து வந்துதான் வெட்டினார்கள். அதே மாதம் 18-ம் தேதி சிவ்புரியில் 1857 எழுச்சியின் தளபதி தாந்தியா தோபேயைத் தூக்கிலிட்டார்கள். வங்காளத்தில் நீலச் சாயத்துக்கான அவுரியைப் பயிரிட மாட்டோம் என்று குடியானவர்கள் எழுந்ததும் இந்த வருடம்தான். அமெரிக்காவில் அடிமைமுறையை எதிர்த்து ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கிடங்கைப் பிடித்த ஜான் பிரவுனுக்கு டிசம்பர் 2-ல் தூக்கு. ஒன்றரை வருடத்தில் அங்கே உள்நாட்டுப் போர். கிறிஸ்துமஸ் அன்று ஆஸ்திரேலியாவில் தாமஸ் ஆஸ்டினின் பண்ணைக்கு வேட்டைக்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல் வந்து இறங்கியது. ஐம்பது வருடத்துக்குள் கண்டத்தின் பெரும்பகுதியை மேய்ந்துவிட்டன.

சூரியன் பக்கம் இன்னொன்று. அதே இலையுதிர் காலத்தில் ஜெர்மனியின் ஹைடல்பர்கில் கிர்க்காஃப் என்ற இயற்பியலாளர், சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் கருங்கோடுகளை வைத்து அங்கே சோடியம் இருக்கிறது என்று சொன்னார். ஒரே பருவத்தில் சூரியன் எதனால் ஆனது என்றும் தெரிந்தது, அது நம்மை அடிக்கும் என்றும் தெரிந்தது.

1 ஜூன், இரவு 9.00

எங்கள் மாவட்டத்துக்காரர் ஒருவர் நேற்று ஒரே வரியில் கேட்டிருந்தார்: "ஐயா, நீங்கள் நாகர்கோவில்தானே, ஜூலை 26-ஐ ஏன் சொல்லவில்லை?"

கேள்வி சுட்டது. ஜூன் 24 எழுதினேன், ஆகஸ்ட் 27 எழுதினேன், நடுவில் என் ஊரில் நடந்ததைத் தாண்டிவிட்டேன்.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர். நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் துணி போடக் கூடாது என்பது அங்கே வழக்கம், மீறினால் தண்டனை. மேல்சாதியார் முன்னால் திறந்த மார்போடு நிற்பதுதான் மரியாதை என்று வைத்திருந்தார்கள். லண்டன் மிஷன் பாதிரியார்கள் வந்த பிறகு கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் (மேல்சட்டை) போட ஆரம்பித்தார்கள், அதற்கு மேல் தோளில் சீலையும் போட்டார்கள். 1820-களிலேயே சண்டை. 1829-ல் அரசு ஆணை போட்டு மேல்சீலையைத் தடுத்தது. 1858 நவம்பரில், மத விஷயத்தில் தலையிட மாட்டோம் என்ற விக்டோரியா ராணியின் பிரகடனம் வந்தது. அதை ஆளுக்கொரு விதமாகப் படித்துக்கொண்டார்கள். அந்த வருடக் கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் கலகம் வெடித்தது. சந்தையில் வைத்துப் பெண்களின் துணியைக் கிழித்தார்கள், வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் எரித்தார்கள். திவான் மாதவராவ். சென்னை கவர்னர் டிரெவெல்யன் இதைக் கண்டித்துக் கடுமையாக எழுதினார். ஜூலை 26-ல் மகாராஜா உத்திரம் திருநாள் பிரகடனம் போட்டு அந்தப் பெண்களுக்குத் தோள்சீலை உரிமையைக் கொடுத்தார்.

என் பாட்டி இதைக் கதையாகச் சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை, நான் சின்னப் பையனாக இருந்தபோது, அவளுடைய பாட்டி சந்தைக்குப் போகும் வழியில் ஒரு குறிப்பிட்ட முக்கு வந்ததும் மேல் துணியை எடுத்து மடித்துக் கூடைக்குள், கிழங்குக்கு அடியில் வைத்துக்கொள்வாள் என்று சொன்னாள். திரும்பி வரும்போது அதே முக்கில் எடுத்துப் போட்டுக்கொள்வாளாம். தோள்சீலைப் போராட்டத்துக்கு முந்தைய காலம் அது என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2 ஜூன், காலை 6.45

நேற்று எழுதியதில் "உரிமையைக் கொடுத்தார்" என்பது தப்பு. பிரகடனத்தை மறுபடி படித்தேன். குப்பாயம் போடலாம், முரட்டுத் துணியை மீனவப் பெண்கள் கட்டுவது போலக் கட்டலாம், வேறு எப்படியும் மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது. இதுதான் அதில் இருப்பது. தோளில் சீலை போடும் அந்த விதத்துக்குத்தான் சண்டையே, அதைக் கொடுக்கவில்லை.

2 ஜூன், இரவு 8.30

கூடை விஷயத்தை அக்காவிடம் போனில் கேட்டேன். அவளுக்கும் பாட்டி அதையே சொல்லியிருக்கிறாள், கிழங்கு உட்பட. அப்புறம் அக்கா கேட்டாள்: "பாட்டி பிறந்தது 1904. அவளுக்குப் பாட்டி என்றால் 1859-ல் என்ன வயசுடா இருக்கும்?"

கணக்குப் போட்டோம். எப்படிப் போட்டாலும் எட்டு, பத்துக்கு மேல் வரவில்லை. கிழங்குக் கூடையைத் தலையில் வைத்துத் தனியாகச் சந்தைக்குப் போகிற வயது அது இல்லை. அவள் அந்த முக்கில் துணியை மடித்தது எல்லாம் பிரகடனம் வந்து பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு அப்புறம்தான்.